கியர்பாக்ஸைக் கழற்றும் முன் அடிக்கோலை எடுங்கள்

காலைச் சந்தையில் காய்கறி விற்கும் என் மாமாவுக்கு அவருடைய பழைய பிக்கப்தான் பிழைப்பு. என்னைவிட வயதில் மூத்த வண்டி அது. சில மாதங்களுக்கு முன் அதன் கிளட்ச் தொல்லை கொடுக்கத் தொடங்கியது. முழுவதும் மிதித்தாலும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று அரைத்துக்கொண்டுதான் விழுந்தது. ஒரு விடியற்காலை, கிளட்சை மிதித்தபடி கியரில் நின்ற வண்டி தானாகவே மெல்ல நகர்ந்து பக்கத்துக் கடைப் பாட்டியின் மேசையில் இடித்தது. நல்லவேளையாக, பாட்டி அப்போது தேநீர் வாங்கப் போயிருந்தார். சேதம் இரண்டு தட்டு முட்டையோடு முடிந்தது.

பட்டறைக்காரர் வண்டியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். "கிளட்ச் செட் போச்சு. கியர்பாக்ஸை இறக்கணும். கூலியோடு 900 ரிங்கிட் ஆகும்" என்றார். அத்தையின் சங்கிலியை அடகு வைக்கும் பேச்சு வீட்டில் எழுந்தது. மலேசியத் திறன் சான்றிதழுக்காக வாகனத் துறை படிக்கும் நான், "ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குக் கொடுங்க மாமா" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்ப்போம். இயந்திரத்தோடு சுற்றும் ஃபிளைவீலின் மேல் கிளட்ச் தட்டை ஒரு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்திருக்கும். நாம் பெடலை மிதித்தால் மேல் பம்ப் எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் இரும்புக் குழாய், ரப்பர் ஹோஸ் வழியாகக் கீழ் பம்ப்புக்குப் போகும். கீழ் பம்ப்பின் கம்பி ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் பேரிங்கைத் தள்ள, ஸ்பிரிங்கின் பிடி விலகித் தட்டு விடுபடும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் தட்டு முழுதாக விடுபடாது. இயந்திரத்தின் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போய்க்கொண்டே இருக்கும். பல பழைய பிக்கப்புகளில் ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. அதனால் சத்தம் அங்கேதான் முதலில் கேட்கும்.

ஞாயிறு காலை, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கை பிரேக்கை இழுத்தேன். இயந்திரத்தை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தன. ஆக, கியர் மாற்றும் பாகங்களில் கோளாறு இல்லை, கிளட்ச்தான் விடுபடவில்லை.

இங்கேதான் நான் தவறு செய்தேன். குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று நானே முடிவுகட்டி, மாமாவைப் பெடல் மிதிக்கச் சொல்லிக் காற்றெடுக்க ஆரம்பித்தேன். இரண்டு போத்தல் எண்ணெய் தீர்ந்தது. ஒரு குமிழி கூட வரவில்லை, ரிவர்ஸ் அரைப்பதும் நிற்கவில்லை. "அளக்காமல் கை வைக்காதே" என்று பயிற்றுநர் வாரம் ஒருமுறையாவது சொல்வது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் வண்டியில் கீழ் பம்ப் கியர்பாக்ஸின் வெளியே, கண்ணில் படும்படி இருக்கிறது. அதன் கம்பிக்குப் பக்கத்தில் இரும்பு அடிக்கோலை வைத்துக்கொண்டு மாமாவை மிதிக்கச் சொன்னேன். கம்பி நகர்ந்தது 7 மில்லிமீட்டர். கல்லூரிப் பட்டறையில் இதே ரக வண்டியில் நான் அளந்த 13 மில்லிமீட்டர் என் நோட்டில் இருந்தது.

அந்த ஒரு அளவு, சிக்கலை இரண்டாகப் பிரித்துவிட்டது. கம்பி முழுதாக நகர்ந்தும் கிளட்ச் விடுபடவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். கம்பியே முழுதாக நகரவில்லை என்றால், பெடலுக்கும் கம்பிக்கும் இடையில் முதலில் தேட வேண்டும்.

தேடினேன். இரண்டு பம்ப்புகளிலும் எண்ணெய்க் கசிவு இல்லை. பெடலை அரை நிமிடம் மிதித்தபடியே வைத்திருக்கச் சொன்னேன். கம்பி பின்வாங்கவில்லை, மேல் பம்ப்பின் ரப்பர் சீல் தாங்குகிறது. பலமுறை வேகமாக மிதித்தும் கம்பியின் நகர்வு கூடவில்லை. காற்று இருந்திருந்தால் கூடியிருக்கும். மிஞ்சியது ரப்பர் ஹோஸ். அதைக் கையால் பிடித்துக்கொண்டு, "மிதிங்க மாமா" என்றேன். என் விரல்களுக்குள் அது பருத்தது!

படிவம் ஐந்து இயற்பியலில் பாஸ்கல் கோட்பாடு படித்திருப்பீர்கள். அடைபட்ட திரவத்துக்குக் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும். ஹோஸின் சுவர் மீதும்தான். வயதாகித் தளர்ந்த ரப்பர், கம்பியைத் தள்ள வேண்டிய எண்ணெயைத் தன் வீக்கத்துக்குள் வாங்கிக்கொண்டது. தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்த பாடம் என் உள்ளங்கையில் துடித்தது.

புதிய ஹோஸ் 40 ரிங்கிட். மாற்றிக் காற்றெடுத்த பின் கம்பி 13 மில்லிமீட்டர் நகர்ந்தது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

பட்டறைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். இதே அறிகுறியோடு வரும் வேறொரு வண்டியில் அவர் சொன்னதே சரியாக இருக்கலாம். அவர் அளக்கவில்லை, முதலில் நானும் அளக்கவில்லை. அவர் ஊகம் 900 ரிங்கிட், என் ஊகம் இரண்டு போத்தல் எண்ணெய். வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்கள் வீட்டு வண்டியிலும் இதைச் செய்து பார்க்க நினைத்தால், சில எச்சரிக்கைகள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். கிளட்ச் எண்ணெய் சாயத்தை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதற்குப் பதிலாக இயந்திர எண்ணெயை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.

மறுநாள் விடியற்காலை மாமாவோடு சந்தைக்குப் போனேன். அவர் ரிவர்ஸ் போட்டு, பாட்டியின் மேசைக்குப் பக்கத்தில் மெதுவாக வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். பாட்டி மட்டும் முட்டைத் தட்டுகளைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்.