சிறிய தலைநகரம்: வசதியா, தொல்லையா?

1804-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தோர் 53,080 பேரே! கலெக்டர் அலுவலகம், நீதிமன்றம், கடைவீதி யாவும் நடந்து செல்லும் தூரத்தில் இருந்தன. சிறிய தலைநகரின் முதல் நன்மை இதுவே.

தீமைகள் இல்லையா? உண்டு. நெருக்கமான தெருக்களில் பிளேக் நோய் எளிதில் பரவியது. குழாய்நீர் கிடையாது, மலையிலிருந்து நீர் கொணரச் சிறிய நகராட்சிக்குப் பணவசதி ஏது? நகராட்சித் தலைவர் இரத்தினசபாபதி முதலியாரின் பெருமுயற்சியால், 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் சிறுவாணி நீர் வந்தது. நகரின் மேற்கே நேரான தெருக்களுடன் அமைந்த ஆர்.எஸ்.புரம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

அப்படியானால் நகரம் வளர்ந்துகொண்டே போகலாமா? ஒரு கணக்குப் போடுவோம். 2011-இல் விரிவுபடுத்தப்பட்ட மாநகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 16 லட்சம்; அதாவது, 1901-ஐப்போல் 30 மடங்கு. நகரை ஒரு வட்டமாகக் கொள்வோம். மக்கள் நெருக்கம் மாறாவிட்டால் பரப்பும் 30 மடங்காகும். பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே, ஆரம் 30-இன் வர்க்கமூலமான ஐந்தரை மடங்கே பெருகும். 2 கிலோமீட்டர் நடந்தவர் இனி 11 கிலோமீட்டர் செல்லவேண்டும். பேருந்து இருந்தால் போதும்!

தண்ணீரோ அப்படியன்று. ஆளுக்கு அதே அளவு கொடுத்தாலும் 30 மடங்கு நீர் வேண்டும். ஆகவேதான் சிறுவாணி போதாமல், பவானி ஆற்றின் பில்லூர் அணையிலிருந்தும் நீர் கொணர நேர்ந்தது.

தூரத்தைப் பேருந்து குறைக்கும். தாகத்தைக் குறைக்க எந்த வண்டியும் இல்லை. உங்கள் ஊருக்கும் இக்கணக்கைப் போட்டுப் பாருங்களேன்!