மால்டா ரீல்ஸ்... பாம்பன் ரியல்!

எங்க அக்காவுக்கு ஒரு வியாதி. ராத்திரி பத்து மணிக்கு மேல போனைக் கையில எடுத்தா, நேரா மத்தியதரைக் கடலுக்குப் போயிடுவா. நீலத் தண்ணி, வெள்ளை வீடுங்க, தொப்பி போட்ட குழந்தைங்க மணல்ல கோட்டை கட்டுற வீடியோ... "மால்டாவாம்டி! நம்ம பசங்களைக் கூட்டிட்டுப் போனா எப்படி இருக்கும்?" என்பாள். பக்கத்துல மாமா, பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போற முகத்தோட உட்கார்ந்திருப்பார்.

நானும் சும்மா இல்லாம கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். மால்டா மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர்தான். நம்ம சென்னை மாநகராட்சி 426. அதாவது சென்னைக்குள்ள மால்டாவைத் தூக்கி வெச்சாலும் மிச்சம் இடம் இருக்கும்! ஷெங்கன் விசா, நாலு பேருக்கு ஃபிளைட் டிக்கெட்னு கணக்குப் போட ஆரம்பிச்சதும் மாமா வாயைத் திறந்தார். "தீவுதானே வேணும்? நம்மகிட்டயே ஒண்ணு இருக்கு. ரயிலே போகுது."

அப்படித்தான் இந்த மே லீவுல ஆவடியில இருந்து ராமேஸ்வரம் கிளம்பினோம். அக்கா, மாமா, பத்து வயசுப் பையன், ஆறு வயசுக் குட்டி, அப்புறம் 'பசங்களைப் பார்த்துக்க' என்ற கௌரவப் பதவியில நான்.

இங்கே ஒரு சின்ன பிரேக். கதைக்கு முக்கியமான ஒரு விஷயத்தைச் சொல்லணும். குட்டிக்குத் தண்ணின்னா பயம்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டோம். அக்கா வீடு கிரவுண்ட் ஃப்ளோர். சாயங்காலம் வாசப்படியில இருந்த தண்ணி, விடியறதுக்குள்ள கட்டில் உயரத்துக்கு வந்துடுச்சு. கரண்ட் இல்லாத இருட்டுல மாமா அவளைத் தோள்ல வெச்சு மாடி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனார். அப்ப அவளுக்கு நாலு வயசு. அதுல இருந்து மழைச் சத்தம் கேட்டாலே "தண்ணி உள்ளே வருமா சித்தி?"னு ஒரே கேள்வி. பருத்திப்பட்டு ஏரிப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போனா, எல்லாப் பசங்களும் போட்டிங்குக்கு அடம் பிடிக்கும். இவ மட்டும் கேட்டைத் தாண்ட மாட்டேன்னு அடம் பிடிப்பா. இவளைத்தான் நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போறோம். என் மனசுக்குள்ள பக் பக்.

தூங்கிட்டே தாண்டிய கடல்

ஆவடியில லோக்கல் ஏறி சென்ட்ரல், ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், அங்கே இன்னொரு லோக்கல் பிடிச்சு தாம்பரம். அதுக்குள்ளயே பையன் "ராமேஸ்வரம் வந்துடுச்சா?" என்றான். தாம்பரத்துல இருந்து ராமேஸ்வரத்துக்கு ராத்திரி ரயில். 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாம்பன் பாலம் திறந்த அன்னிக்கே ஆரம்பிச்சு வெச்ச ரயில் இது.

சிவில் படிக்கிறவ நான். பாலத்தைப் பார்க்க அலாரம் வெச்சு எழுந்தேன். ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். நடுவுல 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒண்ணு, கப்பல் வந்தா லிஃப்ட் மாதிரி அப்படியே செங்குத்தா மேல போகும். 1914-ல திறந்த பழைய பாலத்துல நடுப்பகுதி ரெண்டா பிரிஞ்சு, கை கூப்பின மாதிரி மேல எழும்பும். அதை மோட்டார் போட்டு இல்லை, ஆட்கள் கையால சுத்தித்தான் தூக்குவாங்க! 2022 டிசம்பரோட அதுல ரயில் ஓட்டம் நின்னுபோச்சு.

இவ்வளவும் ஜன்னல் வழியா காட்டணும்னு ஆசைப்பட்டேன். வெளியே கும்மிருட்டு. ரெண்டு வாண்டும் குறட்டை. போகட்டும், குட்டிக்குத் தெரியாமலே கடலைத் தாண்டியாச்சுன்னு ஒரு நிம்மதி.

பசங்களோட டைம்டேபிளே வேற. நாம லிஸ்ட் போட்டு வெச்ச இடமெல்லாம் அவங்களுக்கு அஞ்சு நிமிஷம். ராமநாதசுவாமி கோயில்ல 22 தீர்த்தத்துலயும் குளிக்கணும்னு அக்காவுக்கு ஆசை. ஈரத் தரையில வழுக்கிக்கிட்டு, க்யூவுல நின்னு, வாளி வாளியா தலையில தண்ணியை ஊத்தினா குட்டி ஊரையே கூட்டிடுவா. அக்காவும் மாமாவும் மட்டும் போனாங்க. நாங்க மூணு பேரும் பிராகாரம். மூணாம் பிராகாரத்துல 1,212 தூணாம். "நான் எண்றேன்"னு கிளம்பின பையன், 87-ல ஒரு பூனையைப் பார்த்துட்டு கணக்கை விட்டுட்டான்.

பேய்க்கரும்புல இருக்கிற கலாம் நினைவிடத்துல மாடல் ராக்கெட்டைப் பார்த்ததும் பையன் நகரவே இல்லை. பகல்ல பதினோரு மணியில இருந்து நாலு மணி வரைக்கும் ரூமை விட்டு வெளியே வராதீங்க, மே மாச வெயில் அங்கே பழிவாங்கும். எங்களைக் காப்பாத்தினது நுங்கு. பனைமரம் இல்லாத திசையே கிடையாது அந்தத் தீவுல. மூணு நாள்ல எத்தனை நுங்கு உள்ளே போச்சுன்னு கேட்காதீங்க.

ஒரு கடல் பெண்ணாம், ஒரு கடல் ஆணாம்!

ராமேஸ்வரத்தோட ஸ்பெஷலே ரெண்டு கடல்தான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி பக்கம் அமைதியா இருக்கிறது 'பெண் கடல்', ஆர்ப்பாட்டம் பண்றது 'ஆண் கடல்'னு சொல்வாங்க. (எங்க வீட்டு நிலவரம் உல்டாங்கிறது வேற விஷயம்!) பாக் விரிகுடா ஆழம் கம்மி. பெரும்பாலான இடத்துல பதினஞ்சு மீட்டர்கூட இருக்காது. ஆனா எப்பவும் சாதுன்னு நம்பிடாதீங்க. வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சா இந்தப் பெண் கடலும் சீறும். நாங்க போன மே மாசம் அது சாந்த சொரூபி. மத்தியதரைக் கடல்ல ஓதம் ஏறி இறங்குறது ரொம்பக் குறைவு, அதனாலதான் குழந்தைங்களோட போறவங்களுக்கு அது பிடிக்குதுன்னு அக்கா சொல்லிட்டே இருப்பா. அந்த வசதி இங்கேயும் இருக்குக்கா!

ரெண்டாம் நாள் காலையில ஓலைக்குடா பக்கம் போனோம். மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு எதுவும் போகக்கூடாது. அதனால கடல் பக்கம் ஒரு லீவு நாள் அமைதி. தண்ணி குளம் மாதிரி கிடந்தது.

குட்டி என் துப்பட்டாவைப் பிடிச்சுட்டு பத்தடி தள்ளியே நின்னா. நான் கூப்பிடலை. அக்காவையும் கூப்பிட விடலை. மணல்ல உட்கார்ந்தோம். சின்ன அலை ஒண்ணு வந்தது, போனது. இன்னொண்ணு வந்தது, போனது. கால் மணி நேரம் இருக்கும். திடீர்னு கேட்டா:

"சித்தி, இது திரும்பிப் போயிடுதுல்ல?"

"ஆமாடா."

"நம்ம வீட்டுக்கு வந்தது போகவே இல்லையே."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. ரெண்டரை வருஷமா நாங்க எல்லாரும் "ஒண்ணும் இல்லம்மா, பயப்படாதே"ன்னுதான் சொல்லிட்டிருந்தோம். அவ பயந்தது தண்ணிக்கு இல்லை, போகாம நின்ன தண்ணிக்குன்னு யாருமே கேட்டுத் தெரிஞ்சுக்கலை. அப்புறம் அவளே ஒவ்வொரு அலையையும் எண்ண ஆரம்பிச்சா. எழுந்தா. கட்டைவிரல் நனையற அளவுக்கு ஒரு அடி. அலை வந்ததும் வீல்னு ஓடி வந்து என் மடியில விழுந்தா. மறுபடி போனா. வெயில் ஏறி நாங்க கிளம்பற வரைக்கும் இதுதான் விளையாட்டு. கணுக்காலைத் தாண்டலை. போதும்!

அதே கரையில பையன் ஒரு பவளப்பாறைத் துண்டைப் பொறுக்கி பாக்கெட்டுல போட்டான். மாமா திரும்ப அங்கேயே போட வெச்சார். பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல வருது, கரையில கிடக்குறதா இருந்தாலும் எடுத்துட்டு வராதீங்க.

தனுஷ்கோடியில ஒரு கேள்வி

கடைசி நாள் காலையில தனுஷ்கோடி. 2017-ல இருந்து அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு. முன்னாடி மணல்ல ஜீப்பு குலுக்கிக் குலுக்கிப் போகுமாம். சிதைஞ்ச சர்ச் பக்கத்துல நின்னு மாமா ஃப்ளோவுல ஆரம்பிச்சுட்டார். "1964 டிசம்பர் 22 ராத்திரி பெரிய புயல். பாம்பன்ல இருந்து வந்த பாசஞ்சர் ரயில் அப்படியே கடலுக்குள்ள..." அக்கா அவர் கையைக் கிள்றதுக்குள்ள விஷயம் வெளியே வந்துடுச்சு. அந்த ரயில்ல இருந்த நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. ஊரே போச்சு.

"இங்கேயும் தண்ணி திரும்பிப் போகலையா?"

பொய் சொல்லலாம்னு வாய் வரைக்கும் வந்தது. சொல்லலை. "அன்னிக்கு உடனே போகலை. நிறைய பேர் செத்துட்டாங்க"ன்னேன். அப்புறம் எனக்குத் தெரிஞ்ச இன்னொரு கதையைச் சொன்னேன். அதே புயல்ல பாம்பன் பாலத்தோட பெரும்பாலான கர்டர்கள் கடல்ல விழுந்துடுச்சு. சரி பண்ண வந்தவர் ஸ்ரீதரன்னு ஒரு இளம் இன்ஜினீயர். (பின்னால டெல்லி மெட்ரோவைக் கட்டினாரே, அவரேதான்.) மூணு மாசம் டைம் கொடுத்தாங்க. கடலுக்குள்ள விழுந்த கர்டர்களைத் தூக்கிட்டு வந்து 46 நாள்ல ரயிலை ஓட வெச்சுட்டார். குட்டி கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. சர்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தா. பையன்தான் "46 நாள்ல எப்படி?"ன்னு ரூம் வர்ற வரைக்கும் என் உயிரை எடுத்தான்.

அரிச்சல்முனையில கால் நனைக்கவும் விடலை. ரெண்டு கடலும் மோதுற இடம், நீரோட்டம் இழுக்கும். பார்க்கத்தான் அழகு.

திரும்பற ரயில் சாயங்காலம். இந்த முறை நல்ல வெளிச்சம். பாலம் ஏறினதும் கீழே தரை காணாமப் போய் ரெண்டு பக்கமும் பச்சை நீலம். குட்டி என் விரலை இறுக்கிப் பிடிச்சா. பிடிச்சுட்டே ஜன்னலுக்குப் பக்கத்துல நகர்ந்து உட்கார்ந்தா. பக்கத்துல துருப்பிடிச்ச பழைய பாலத்தைக் காட்டி, "46 நாள் பாலம் இதுவா?"ன்னு கேட்டா. அக்கா வீடியோ எடுக்கவே மறந்துட்டா!

ஊருக்கு வந்த அடுத்த ஞாயிறு, அவளே கேட்டு பருத்திப்பட்டு ஏரிக்குப் போனோம். கேட்டைத் தாண்டி உள்ளே வந்தா. நடைபாதையில ஒரு ரவுண்டு முழுசா சுத்தினா. போட் மட்டும் வேணாமாம்.