பல் ஈறு நோயும் கிருமிநாசினி மருந்துகளும்

பல் துலக்கும்போது ஈற்றினின்றும் உதிரம் கசிவதைக் கிராமவாசிகளிற் பலர் பொருட்படுத்துவதில்லை. சிலர் உதிரத்தைக் கண்டு அஞ்சி, அவ்விடத்தைத் துலக்குவதையே விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் கடையிற் கிடைக்கும் கிருமிநாசினி மருந்தைக் கொப்பளித்துவிட்டு, நோய் தீர்ந்ததென்று இருந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் பல்லை இழப்பதற்கே வழியாகும்.

பல்லும் ஈறும் சேருமிடத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டு. அங்கே படியும் அழுக்கிற் கிருமிகள் பெருகுகின்றன. அவற்றினின்று கசியும் பொருள்கள் ஈற்றினுட் பரவியதும், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைக் கடந்து, கிருமிகள் உள்ள திக்கை நோக்கி நகர்ந்து, அவற்றை விழுங்கி அழிக்கின்றன. உடலில் இவ்விதம் நகர்ந்து சென்று காவல்புரியும் அணுக்கள் உண்டென்பதை, மெச்னிகாவ் என்னும் ருஷ்ய விஞ்ஞானி 1882-ம் வருஷத்தில் நட்சத்திர மீனின் குஞ்சுகளைச் சோதித்துக் கண்டார். 1908-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அழுக்கு நீக்கப்படாவிடில் இப்போர் ஓய்வதில்லை. வெள்ளணுக்கள் வெளிவிடும் அழிவுப் பொருள்கள் கிருமிகளோடு ஈற்றையும் சிதைக்கின்றன. நாளடைவில், பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆட்டங்காணும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்நோய் கடுமையாகும். சுருட்டு, பீடி பிடிப்பவர்களுக்கு உதிரம் குறைவாகவே கசிவதால், நோய் வெளிக்குத் தெரியாமலே வளரும்.

கிருமிநாசினி மருந்து பகைவனையும் காவற்காரனையும் பிரித்தறியாது. முதல் உலக யுத்தத்தில் ஆழ்ந்த காயங்களை ஆராய்ந்த அலெக்ஸாண்டர் பிளெமிங், அம்மருந்துகளால் வெள்ளணுக்கள் மடிய, காயத்தின் இடுக்குகளிற் கிருமிகள் பிழைத்திருப்பதை எடுத்துக்காட்டினார். வைத்தியர்கள் இக்காலத்திற் கொடுக்கும் குளோர்ஹெக்ஸிடின் என்னும் கொப்பளிக்கும் மருந்து, புதிதாக அழுக்குப் படிவதை நன்கு தடுக்கும். ஆயினும், முன்னரே தடித்துப் படிந்த அழுக்கையும் ஈற்றின் ஆழத்தையும் அது எளிதில் ஊடுருவாது. நெடுநாள் உபயோகித்தாற் பற்களிற் பழுப்புக் கறை ஏறும். ஆகவே வைத்தியர் குறித்த நாட்களுக்கு மட்டுமே அதை உபயோகிக்க வேண்டும்.

டென்மார்க்கில் 1965-ல் வெளியான ஒரு சோதனை இதனைத் தெளிவாக்குகிறது. நல்ல ஈறுடைய 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின், சுமார் ஒரு வாரத்தில் அது நீங்கிற்று.

ஆதலின், உதிரம் கசியும் இடத்தையே மிருதுவான பிரஷ்ஷினாற் காலையும் இரவும் பதனமாகத் துலக்குதல் வேண்டும். செங்கற்பொடியும் மணலும் பல்லைத் தேய்க்குமாதலால் விலக்கத்தக்கவை. கெட்டியாகிவிட்ட பற்காறை துலக்குவதாற் போகாது. அதனைப் பல் வைத்தியரிடம் காட்டி அகற்றிக்கொள்ள வேண்டும். தவணைதோறும் செலுத்தாத கடன் வட்டியோடு குவிந்து நிலத்தையே விழுங்குவதுபோல, அன்றன்று நீக்காத அழுக்குப் பல்லையே கொண்டுபோகும் என்பதை அங்கத்தினர்கள் மறத்தலாகாது.