ஒற்றர் தலைவர் காவ்

ஒற்றர் என்றதும் நம் நண்பர்களுக்குக் கறுப்புக் கண்ணாடியும் கைத்துப்பாக்கியுமே நினைவுக்கு வருகின்றன. திரைப்படங்கள் செய்த உபகாரம் அது! அரசியல் பயிலும் மாணவன் என்ற முறையில் நான் இங்கே எழுத விரும்புவது, பொறுமையையும் வாய் திறவாமையையுமே ஆயுதமாகக் கொண்ட ஒருவரைப் பற்றி.

1918-இல் காசியில், காஷ்மீரப் பண்டிதர் குடும்பமொன்றில் பிறந்தவர் ராமேஸ்வர்நாத் காவ். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். 1940-இல் போலீஸ் உத்தியோகம். விடுதலையை ஒட்டி மத்திய உளவுத்துறைக்கு மாற்றம். பிரதமர் நேருவின் பாதுகாப்புப் பொறுப்பும் சில காலம் அவரிடம் இருந்தது.

அவர் திறமையை வெளிநாட்டாரும் அறியச் செய்தது 'காஷ்மீர் பிரின்ஸஸ்' வழக்கு. 1955 ஏப்ரல் 11-ஆம் நாள் ஹாங்காங்கிலிருந்து ஜகார்த்தாவுக்குப் புறப்பட்ட அந்த ஏர் இந்தியா விமானம், நடுவானில் குண்டு வெடித்துக் கடலில் வீழ்ந்தது. இருந்த 19 பேரில் 16 பேர் மாண்டனர். பாண்டுங் மாநாட்டுக்குச் செல்லவிருந்த சீனப் பிரதமர் சூ என்லாயே குறி. அவரோ அந்த விமானத்தில் ஏறவில்லை. விமானம் இந்தியாவினுடையது, குண்டு வைக்கப்பட்ட ஹாங்காங் பிரிட்டிஷாரிடம் இருந்தது, வீழ்ந்த இடம் இந்தோனேசியக் கடல், மாண்டவர்களில் பலர் சீனர். ஒருவரையொருவர் நம்பாத இத்தனை அரசாங்கங்களுக்கும் நடுவே நின்று விசாரிக்க நேரு அனுப்பியது காவையே. அப்போது அவருக்கு வயது 36. சூ என்லாயையும் நேரில் கண்டு பேசினார். கடலிலிருந்து எடுத்த சிதைவுகளில் கடிகார வெடிகுண்டின் பகுதிகள் கிடைத்தன. ஹாங்காங் விமான நிலையத் தொழிலாளி ஒருவன் மீது சந்தேகம் விழுந்தது. அவனோ அதற்குள் தைவானுக்குத் தப்பிவிட்டான்.

1962-இல் சீனாவுடனும், 1965-இல் பாகிஸ்தானுடனும் நடந்த போர்களில் முன்னறிவு போதவில்லை என்ற குறை எழுந்தது. உள்நாட்டையும் வெளிநாட்டையும் ஒரே துறை கவனிப்பது இயலாது என்று கண்ட இந்திரா காந்தி, 1968 செப்டம்பரில் 'ரா' என்னும் புதிய அமைப்பைத் தோற்றுவித்துக் காவைத் தலைவராக்கினார். மூன்றே ஆண்டுகளில் வங்கதேசப் போர் வந்தது. முக்தி வாகினிக்குப் பயிற்சியளித்ததில் அவ்வமைப்புக்குப் பங்குண்டு. இவ்வெற்றியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதற்குப் பின் நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது.

வங்கதேசத் தலைவர் முஜிபுர் ரஹ்மானைக் கொல்லச் சதி நடக்கிறது என்ற செய்தி காவுக்குக் கிட்டியது. 1974 டிசம்பரில் தாமே டாக்கா சென்று முஜிபை எச்சரித்ததாகப் பின்னாளில் அவர் தெரிவித்தார். முஜிபோ, அவர்கள் தம் சொந்தப் பிள்ளைகள், தமக்குத் தீங்கு செய்யமாட்டார்கள் என்று சொல்லிவிட்டாராம். 1975 ஆகஸ்ட் 15 விடியலில் குடும்பத்தாருடன் அவர் கொல்லப்பட்டார். வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, ஓர் ஒற்றன் கொணர்ந்ததை மற்றோர் ஒற்றனால் சரிபார் என்கிறார். சரிபார்த்த செய்தியையும் கேட்பவர் ஏற்காவிட்டால் ஒற்றன் என்ன செய்வான்?

1977-இல் ஆட்சி மாறியது. நெருக்கடி நிலையின்போது இந்திரா காந்தி இவ்வமைப்பை உள்நாட்டு அரசியலுக்குப் பயன்படுத்தினார் என்று ஜனதா தலைவர்கள் சந்தேகித்தனர். காவ் விலகினார், அமைப்பின் செலவுத் தொகையும் குறைக்கப்பட்டது. அச்சந்தேகத்தை வெறும் பகையென்று தள்ள நான் ஒப்பமாட்டேன். 'ரா' பாராளுமன்றச் சட்டத்தால் பிறந்ததன்று, அரசாணையால் பிறந்தது. தகவல் அறியும் சட்டம் 2005-இல் வந்தபோதும் அதற்கு விலக்களிக்கப்பட்டது. உளவு அமைப்புகளைப் பாராளுமன்றக் கண்காணிப்பில் கொணர 2011-இல் ஒரு தனி உறுப்பினர் மசோதா வந்தது, நிறைவேறவில்லை. தலைவர் கண்ணியவானாயிருந்தால் போதும் என்று நாம் இருந்துவிடலாமா? காவ் கண்ணியவான்தான், எல்லாத் தலைவர்களும் காவ் ஆகிவிடுவார்களா?

1981-இல் இந்திரா காந்தியின் ஆலோசகராக அவர் மீண்டார். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழ் இளைஞர் இயக்கங்களுக்கு 'ரா' ஆயுதப் பயிற்சி அளித்தது அவர் ஆலோசகராயிருந்த காலத்தில்தான். அதன் பலாபலன்களைத் தமிழர்களாகிய நாம் இன்னும் பேசித் தீர்த்தபாடில்லை. எந்த முடிவு, யாரால், எந்த நோக்கத்தோடு எடுக்கப்பட்டது என்று கேட்க ஒரு பாராளுமன்றக் குழுவாவது இருந்திருக்க வேண்டாமா? 1984 அக்டோபர் 31-ஆம் நாள் இந்திரா காந்தி தம் காவலர்களாலேயே சுடப்பட்டார். அதன்பின் காவ் பொதுவாழ்வில் தலைகாட்டவில்லை. குதிரைச் சிற்பங்கள் செய்வதில் அவருக்கு ஈடுபாடுண்டு.

2002 ஜனவரியில் அவர் மறைந்தார். அவரிடம் பணியாற்றிய, ஓய்வுக்குப் பின் சென்னையில் வாழ்ந்த பி. ராமன், 'காவ்பாய்ஸ்' என்று சிலேடையாகத் தலைப்பிட்டு 2007-இல் ஒரு நூல் எழுதினார். ஆங்கிலமாயினும் அன்பர்கள் தேடிப் படிக்கலாம். காவோ சுயசரிதை எதுவும் வெளியிடவில்லை. டில்லி நேரு நினைவு நூலகத்தில் சில காகிதங்களை ஒப்படைத்து, தாம் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அவற்றைத் திறக்கவேண்டுமென்று நிபந்தனை விதித்துச் சென்றார்.