உங்களுக்குத் தெரியுமா? - ரேடியோ ரிப்பேரில் தொடங்கிய ‘போஸ்’

பள்ளிக்கரணையிலிருந்து ஓ.எம்.ஆர். கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் ஹெட்போன் மாட்டாத காதைத் தேடத்தான் வேண்டும். வெளிச்சத்தத்தை அமுக்கும் ஹெட்போன் என்றதும் பலர் வாயில் வரும் பெயர் ‘போஸ்’. கம்பெனி அமெரிக்காவுடையது; பெயர் வங்காளத்துடையது!

● கொல்கத்தாவில் வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற நோனி கோபால் போஸ், கைதுக்குத் தப்பி 1920-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவர் மகன் அமர் போஸ் 1929-இல் ஃபிலடெல்பியாவில் பிறந்தார்.

● இரண்டாம் உலகப் போரில் அப்பாவின் இறக்குமதி வியாபாரம் படுத்துவிட்டது. பள்ளிக்கூடப் பையனான அமர், ரேடியோ ரிப்பேர் பார்த்துக் குடும்பத்துக்குக் கைகொடுத்தார்.

● 1956-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஆசையாக ஒரு ஸ்டீரியோ செட் வாங்கினார். கையேட்டில் எண்களெல்லாம் பிரமாதம். பாட்டைப் போட்டால் சப்பென்று இருந்தது. ஏன் என்று ஆராயக் கிளம்பியதுதான் கம்பெனிக்கு விதை. கம்பெனி பிறந்தது 1964-இல்.

● 1966-இல் வந்த முதல் ஸ்பீக்கர் ‘2201’. உருண்டையை எட்டாக வெட்டியதில் ஒரு துண்டு போன்ற வடிவம், உள்ளே 22 குட்டி ஸ்பீக்கர்கள், வைப்பது அறை மூலையில். போணியாகவில்லை!

● கச்சேரி அரங்கில் நம் காதுக்கு வரும் ஒலியில் பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்புவது. இதைப் பிடித்துக்கொண்டு 1968-இல் ‘901’ ஸ்பீக்கரைச் செய்தார். பெட்டிக்குள் 9 ஸ்பீக்கர்; ஒன்றுதான் கேட்பவரைப் பார்த்திருக்கும், மற்ற எட்டும் பின்சுவரைப் பார்த்திருக்கும். ஷோகேஸுக்குள் திணித்தால் காசு தண்டம். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். இது ஓடியது, கம்பெனியும் நிமிர்ந்தது.

● 1978-இல் அமர் ஐரோப்பாவிலிருந்து விமானத்தில் திரும்பியபோது, அங்கே கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சல்தான் தூக்கலாகக் கேட்டது. பாஸ்டனில் இறங்குவதற்குள் இரைச்சலை அமுக்கும் கணக்கைத் தாளில் போட்டு முடித்துவிட்டார். அது விமானிகளுக்கான ஹெட்செட்டாகக் கடைக்கு வர 1989 ஆனது.

● அந்தக் கணக்கு இதுதான்: மைக் வெளிச்சத்தத்தைப் பிடிக்கும்; அந்த அலை மேடேறும்போது பள்ளத்தில் இறங்கும் எதிர் அலையை ஹெட்போன் எழுப்பும். இரண்டும் மோதினால் சத்தம் அடங்கும். ஒரே சீராக ஓடும் பஸ் இன்ஜின் உறுமல் இதில் சிக்கிவிடும். வேளச்சேரி - தாம்பரம் சாலையின் திடீர் ஹார்ன் அவ்வளவு சுலபத்தில் சிக்காது!

● முதலாளியான பிறகும் 2001 வரை எம்.ஐ.டி.யில் பாடம் எடுத்தார். கம்பெனியைப் பங்குச் சந்தைப் பக்கமே விடவில்லை. லாபத்தை ஆராய்ச்சியில் போடப் பங்குதாரர்கள் விடமாட்டார்கள் என்ற பயம்தான்.

● 2011-இல் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை எம்.ஐ.டி.க்கே எழுதி வைத்தார். இரண்டு நிபந்தனைகள்: பங்குகளை விற்கக் கூடாது, நிர்வாகத்தில் தலையிடக் கூடாது. வரும் ஈவுத்தொகை படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும். 2013-இல் அமர் போஸ் காலமானார்.