பரணில் பழுக்கும் ஒயின்

திராட்சை ஒயினுக்கு எதிரிகள் இரண்டு: வெப்பம், காற்று. அதனால்தான் ஐரோப்பாவில் அதை நிலவறைக் குளிர்ச்சியில், தக்கையை இறுக்கி வைக்கிறார்கள். மதீராத் தீவிலோ பீப்பாயைத் தூக்கிக்கொண்டுபோய், ஓட்டுக்கூரைக்கு அடியில் வெயில் இறங்கும் பரணில் வைக்கிறார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. உயர்ந்த வகைகள் பீப்பாயிலேயே இருபது ஆண்டுகள் கிடக்கும், சிலவோ நூறாண்டுகூட.

போர்ச்சுகலுக்குச் சொந்தமான இந்த எரிமலைத் தீவு, லிஸ்பனுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டிக்கில் இருக்கிறது. செங்குத்தான சரிவுகளில் கல்லடுக்கிக் கட்டிய சின்னச் சின்னத் தளங்களில் திராட்சை வளர்கிறது. மலைமேல் பெய்யும் நீரை ‘லெவாடா’ என்னும் வாய்க்கால்கள் கீழே கொண்டுவருகின்றன. இங்கே விளையும் திராட்சைக்குப் புளிப்பு அதிகம். அந்தப் புளிப்புக்குப் பின்னால் பெரிய வேலை காத்திருக்கிறது.

அமெரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் போன கப்பல்கள் இங்கே நின்று தண்ணீரும் ஒயினும் ஏற்றிக்கொண்டன. வழியில் ஒயின் கெடாமலிருக்கச் சாராயம் கலக்கும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. கப்பலின் அடித்தளத்தில், வெப்பமண்டலக் கடலின் புழுக்கத்தில் மாதக்கணக்கில் குலுங்கிக் கிடந்த பீப்பாய்களைத் திறந்தபோது, ஒயின் கெட்டிருக்கவில்லை. முன்பைவிட ஆழமான சுவைக்கு வந்திருந்தது. விற்காமல் திரும்பிவந்த பீப்பாய்களிலும் அதே சுவை. பிறகு வணிகர்கள் வேண்டுமென்றே ஒயினைப் போகவரக் கடலில் அனுப்பினார்கள். அதற்கு ‘வின்யு த ரோடா’, அதாவது சுற்றிவந்த ஒயின் என்று பெயர். சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளின் சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் இந்த மதீராதான்.

கடல்பயணம் செலவு பிடிக்கும் காரியம். அதையே கரையில் செய்ய இரண்டு வழிகள் வந்தன. ஒன்று ‘எஸ்டுஃபா’: வெந்நீர் ஓடும் குழாய்கள் பொருத்திய தொட்டியில் 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை, குறைந்தது மூன்று மாதம் சூடேற்றுவது. விலை குறைந்த ஒயின்களுக்கு இது. மற்றொன்று ‘கான்டெய்ரோ’. பீப்பாய்களைத் தாங்கும் மர உத்தரங்களின் பெயர் அது. இந்த முறையில் அடுப்பு இல்லை. பரணின் வெயில்தான் உண்டு. பொறுமை உள்ளவர்களின் வழி இதுவே என்பது என் எண்ணம்.

இனிப்பு எங்கிருந்து வருகிறது? ஈஸ்ட், திராட்சைச் சாற்றின் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். தின்று முடிப்பதற்குள் 96 சதவீத வலுவுள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றினால் ஈஸ்ட் மடிந்துவிடும். மிஞ்சிய சர்க்கரை அப்படியே நிற்கும். ‘மால்வசியா’ திராட்சைக்கு இதைச் சீக்கிரமே செய்கிறார்கள். அதில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராமோ அதற்கு மேலோ சர்க்கரை தங்கிவிடும். ‘செர்சியால்’ வகைக்கு நொதித்தல் பெரும்பாலும் முடிந்த பிறகுதான் சாராயம். அதனால் அது அதிகம் இனிக்காது. எதுவானாலும் கடைசியில் ஆல்கஹால் 17 முதல் 22 சதவீதம்வரை இருக்கும். ஒயினைக் காடியாக்கும் பாக்டீரியாக்களுக்கு இந்த வலுவில் பிழைப்பது கடினம்.

அதன்பிறகு பரணில் நடப்பதுதான் என்னை மிகவும் ஈர்க்கிறது. மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது. ஆல்கஹாலின் ஒரு பகுதி ஆக்ஸிஜனேற்றத்தால் அசிட்டால்டிஹைடு ஆகிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. தோசைக்கல்லில் மாவு ஒரு நிமிடத்தில் முறுகிச் சிவப்பதும் இதே வேதிவினைதான். அங்கே கல்லின் சூடு, இங்கே ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் பீப்பாயிலிருந்து கொஞ்சம் ஆவியாகிப் போக, மிச்சத்தில் சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் இது வெறும் பாகாகத் திகட்டியிருக்கும்.

இந்த முதிர்ச்சியில் உருவாகும் மணப்பொருள்களில் முக்கியமானது சோட்டலோன். ஒயின் வயதாக ஆக இதன் அளவும் கூடுகிறது. நம் அஞ்சறைப்பெட்டியில் உள்ள வெந்தயத்தின் மணமும் இதே மூலக்கூறுதான்! மிகமிகக் குறைந்த அளவிலேயே மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். அளவு ஏற ஏற, காய்ச்சிய சர்க்கரைப்பாகின் வாசம் பின்வாங்கி வெந்தய வாசம் முன்னுக்கு வரும். வெந்தயம் நிறையச் சாப்பிட்டவர்களின் வியர்வையில் இது வீசும். பிரசவத்துக்கு முன் தாய் வெந்தயம் குடித்ததால் குழந்தையின் உடலில் இந்த மணம் வர, இதே மணமுள்ள அபூர்வமான பிறவி நோய் ஒன்று இருக்குமோ என்று மருத்துவர்கள் கவலைப்பட்டதும் உண்டு.

பரணில் ஒரு பீப்பாயை ஏற்றுகிறவர் அவசரப்பட முடியாது. ஒரே ஆண்டில் விளைந்த திராட்சையின் பெயரோடு வரும் உயர்ந்த வகையான ‘ஃப்ராஸ்கெய்ரா’ குறைந்தது 20 ஆண்டுகள் மரத்தில் இருந்தாக வேண்டும். மேல்தளத்தின் சூட்டில் தொடங்கி, வயதாக ஆகப் பீப்பாய்களைக் குளிர்ந்த கீழ்த்தளங்களுக்கு இறக்குவார்கள்.

புட்டியில் அடைத்த பிறகும் மதீராவின் வழி தனிதான். மற்ற ஒயின்களைப் படுக்கவைப்பார்கள், தக்கை ஈரமாக இருக்கட்டும் என்று. மதீராவை நிற்கவைக்கிறார்கள், இதன் புளிப்பும் சாராயமும் பட்டால் தக்கை நைந்துவிடும். திறந்த புட்டி மாதக்கணக்கில் கெடாது. பல பத்தாண்டுகள் கிடக்கும் புட்டிகளில் அவ்வப்போது பழைய தக்கையைப் பிடுங்கிப் புதியதை அடைக்கிறார்கள். ஒயினை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.