பிரயாணியின் கையில் விமானம்

விமானம் ஓட்டும் லைசென்ஸ் இல்லாத ஒருவர், பிரயாணியாக ஏறி அமர்ந்தபின், சிறிது நேரம் அதைத் தம் கையாலேயே செலுத்திப் பார்க்கலாமா என்றால், கட்டணம் வாங்கிக்கொண்டு பறக்கும் கம்பெனி விமானங்களில் கூடாதென்று விலக்கியிருக்கும் அமெரிக்கச் சட்டம், சொந்த உபயோகத்துக்கான சிறு விமானங்களில் பொதுவாக அதைத் தடுப்பதில்லை.

இது சாத்தியமாவது அவ்விமானங்களின் அமைப்பினால். உலகில் மிக அதிகமாகச் செய்யப்பட்டதான செஸ்னா 172 என்னும் நான்கு ஆசன விமானத்தில், முன்வரிசை ஆசனங்கள் இரண்டுக்கும் எதிரே தனித்தனிப் பிடிகள் உண்டு. உள்ளே அவை பிணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றை அசைத்தால் மற்றதும் கூடவே அசையும். பிடியை மார்பை நோக்கி இழுத்தால் வாலிலுள்ள பலகை மேலெழுந்து விமானத்தின் மூக்கு நிமிரும். பக்கவாட்டில் திருப்பினால் இறக்கையோரத்துப் பலகைகளில் ஒன்று ஏறி, மற்றது இறங்கி, விமானம் சாயும். சமநிலையில் சரிசெய்துவிட்டால், காற்றில் சற்றே குலுங்கினாலும், மூக்கு தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும் சுபாவம் இவ்விமானத்துக்கு உண்டு. ஆகையால் அமைதியான வானில், போதிய உயரத்தில், புதியவர் கையால் விளையும் அபாயம் சொற்பமே. தரைக்கு அருகிலோ, வேகம் குன்றி இறக்கைகள் தாங்கும் சக்தியை இழந்துவிட்டால், மீள்வதற்கு உயரம் இராது.

கைமாற்றவும் ஒரு கிரமம் உண்டு. “இனி நீங்கள் ஓட்டுங்கள்” என்று விமானி சொல்ல, “நான் ஓட்டுகிறேன்” என்று மற்றவர் ஏற்க, விமானி அதை மறுபடி உறுதி செய்த பிறகே கையை எடுக்க வேண்டும். இல்லையேல் இருவரும் ஒருங்கே ஓட்டவோ, ஒருவருமே ஓட்டாதிருக்கவோ நேரும்.

1996 ஏப்ரல் 11 அன்று, அமெரிக்காவைக் குறுக்கே பறந்து கடந்து சாதனை புரியக் கிளம்பிய ஜெஸிகா டுப்ரோஃப் என்னும் 7 வயதுச் சிறுமியும், அவள் தந்தையும், விமான ஆசிரியரும் வயோமிங் மாகாணத்துச் செயென் நகரில் விமானம் விழுந்து மாண்டனர். விழுந்தபோது ஓட்டியவர் ஆசிரியரே என்றும், அளவுக்கு மீறிய பாரத்தோடு, இடிமழை நெருங்கிய வேளையில் கிளம்ப அவர் துணிந்ததே காரணம் என்றும் விசாரணையில் முடிவாயிற்று. ஆயினும், சாதனைக்கென முனையும் லைசென்ஸ் இல்லாதவரிடம் பிடியைக் கொடுப்பதை அவ்வருஷமே அமெரிக்கக் காங்கிரஸ் தடைசெய்தது.

பிடி யார் கையிலிருந்தாலும் பொறுப்பு முழுவதும் தலைமை விமானியுடையதே. ஆகவே இவ்வாய்ப்புக் கிட்டும் பிரயாணி, விமானி திருப்பிக் கேட்ட மாத்திரத்தில், மறுபேச்சின்றிக் கையை எடுத்துவிடக் கடமைப்பட்டவர்.